முழுசாய்ப் பார்த்தவர்களுக்கு மட்டும் ஓட்டு

இங்கே படம் முடிந்த பிறகும் ஜனங்கள் உட்கார்ந்தே இருக்கிறார்கள். எழுத்துகள் மேலே ஏறிக்கொண்டிருக்கும். வெளிச்சம் மெதுவாக வரும். அப்புறம்தான் எழுந்து, சோம்பல் முறித்து, ஒருத்தருக்கொருத்தர் வழிவிட்டுப் போவார்கள். நம் ஊரில் கடைசிச் சண்டை ஆரம்பித்தாலே பாதிப் பேர் எழுந்து நின்றுவிடுவோம். சைக்கிள் ஸ்டாண்டில் முந்த வேண்டும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கதாநாயகன் செத்தானா பிழைத்தானா என்று தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடப்போம். ஷார்ஜாவில் நான் வேலை செய்யும் மாலின் மேல்மாடியில் தியேட்டர் இருக்கிறது. ஒரே தளத்தில் நிறைய ஹால்கள். நான் கிளீனிங். படம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் விளக்குமாறும் கறுப்புப் பையுமாக உள்ளே போய்ச் சுவரோரம் நிற்க வேண்டும். அதனால் நான் எல்லாப் படத்துக்கும் முடிவை மட்டும் பார்க்கிறவள்.

முடிவை மட்டும் பார்ப்பது ஒரு மாதிரி இருக்கும். யாரோ ஒருத்தி யாருக்காகவோ அழுவாள். ஒருவன் பிளாட்பாரத்தில் ஓடுவான். வண்டி போய்விட்டிருக்கும். இந்தி, மலையாளம், இங்கிலீஷ், அரபி, எதுவாக இருந்தாலும் முடிவில் பேச்சு குறைவு. எனக்கு அது வசதி. சோளப்பொரியைக் கூட்டி அள்ளும்போது அவர்களுக்கு முன்னால் என்ன நடந்திருக்கும் என்று நானே வைத்துக்கொள்வேன். அறைக்குப் போய்ப் படுத்தால் எல்லா முடிவும் ஒன்றுக்குள் ஒன்று போகும். இங்கிலீஷ் படத்து ஏரோப்பிளேனிலிருந்து தமிழ்ப் படத்து அம்மா இறங்குவாள். பனி பெய்யும். அந்தப் பனிக்குள் முதுநகர் ஜங்ஷன் தெரியும். விழித்தால் ஏசி சத்தம்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. என் அண்ணன் சிதம்பரத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். தெற்கு வீதிக்குப் பின்னால் வீடு. நாங்கள் கடலூர் முதுநகர். மார்கழித் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவோம். தேர் பார்ப்போம். திருவாதிரையன்று களியும் கூட்டும் சாப்பிடுவோம். சாப்பிட்டதும் பாயை விரித்து உட்கார்ந்து, அந்த வருஷம் பார்த்த படங்களில் எதற்கு முதல் பரிசு என்று பேச வேண்டும். யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. களி தின்றால் எழுந்திருக்க முடியாது, அதனால் ஆரம்பித்திருக்கும். படத்தின் பேரை நாங்கள் சொல்வதில்லை. கிணற்றுப் படம், ரெண்டு பொண்டாட்டிப் படம், நாய்ப் படம், அவ்வளவுதான். பேப்பரில் யார் யாருக்கோ விருது வந்திருக்கும். அதை அண்ணன் படித்துக் காட்டுவார். யாரும் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

“பாட்டு நல்லா இருந்தா படம் நல்ல படமா? பாட்டுக்கு வேணா தனியா ஒண்ணு குடு” என்பார் அண்ணன்.

“மச்சான், நீங்க கதைக்காகவா பேசுறீங்க? அந்தப் பொண்ணுக்காகப் பேசுறீங்க” என்பார் என் வீட்டுக்காரர்.

“களி கிண்டுனவளுக்கு எதுனா பரிசு உண்டான்னு கேளுங்க” என்பார் அண்ணி. 

சுனாமி அலை வந்த வருஷமும் அந்தத் திருவிழாவுக்காகத்தான் சிதம்பரத்தில் இருந்தோம். அதனால் இருக்கிறோம். அந்த வருஷம் எந்தப் படத்துக்கும் பரிசு கொடுக்கவில்லை. வீட்டுக்காரர் மீன்பிடி போட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அப்புறம் கடலுக்குப் போகவில்லை. ஐஸ் கம்பெனியில் பார் உடைக்கிற வேலை. மீன் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. சில வருஷம் ஓட்டினோம். பிறகு நான் இங்கே வந்தேன். மகள் பவித்ராவைப் படிப்புக்காக அண்ணன் வீட்டில் விட்டோம்.

பவித்ரா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பாதிப் படத்தில் தூங்கிவிடுவாள். இடைவேளையில் வாங்கிய முறுக்கு கையிலேயே இருக்கும், தலை என் மடியில் இருக்கும். ஆனால் பரிசு பேசும்போது முதலில் கையைத் தூக்குவது அவள்தான்.

“நீதான் தூங்கிட்டியே. முழுசா பாத்தவங்களுக்குத்தான் ஓட்டு” என்றேன்.

“நான் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டேன்.”

“கேட்டா செல்லாது.”

அழுதாள். நான் மாற்றிச் சொல்லவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து அவள் எந்தப் படத்திலும் தூங்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கண்ணில் தொட்டுக்கொண்டு கடைசி வரை பார்ப்பாள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அதுதான் சட்டம் ஆயிற்று.

அண்ணன் செல்போன் வாங்கிய பிறகு பரிசுக்கு ஒரு பொருள் வந்தது. எந்தப் படம் ஜெயிக்கிறதோ அந்தப் படத்துப் பாட்டுதான் ஒரு வருஷத்துக்கு அண்ணன் போனில் காலர் டியூன். அவரைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் அதைக் கேட்டே ஆக வேண்டும். நான் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டாலும் முதலில் அந்தப் பாட்டுதான் வரும். இங்கே முதல் வருஷம் நான் மிஸ்டு கால் கொடுத்ததெல்லாம் பாட்டுக்குத்தான். அண்ணன் எடுப்பதற்குள் வைத்துவிடுவேன். அந்தப் பக்கம் பாய் விரித்திருக்கும். பவித்ரா காலை நீட்டி உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள். பாட்டு ஓடும் வரைக்கும் நானும் அந்தப் பாயில் ஒரு ஓரத்தில் இருப்பேன்.

போன வருஷத் திருவாதிரைக்கு நான் போனில் ஓட்டுப் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்திருந்தார்கள். ஆட்டுப் படத்துக்குத்தான் என் ஓட்டு என்றேன். அந்தப் படம் இங்கே வந்திருந்தது. ஒரு கிழவர் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்து போவார். அந்தக் கரையில் அவர் பெண்சாதி கையில் சொம்போடு நிற்பாள். அவர் சிரிப்பார். அதோடு படம் முடியும். நான் அதைப் பல தடவை சுவரோரம் நின்று பார்த்திருந்தேன். “இந்த மாதிரி சந்தோஷமா முடியிற படம் வருஷத்துக்கு ஒண்ணுதான் வருது” என்றேன்.

 அந்தப் பக்கம் அண்ணன் சிரித்தார். அண்ணி சிரித்தார். பவித்ரா சிரிக்கவில்லை.

“அம்மா, அவரு செத்துட்டாரும்மா. அந்த அம்மா முன்னாடியே செத்துடும். நீ பாத்தது அவரு சாவும்போது வர கனவு.”

“எனக்கென்ன தெரியும்? நான் பாத்ததத்தான் சொல்றேன்.”

“நீ முடிவ மட்டும் பாத்த. முழுசா பாக்காதவங்களுக்கு ஓட்டு கெடையாது. நீதான சொன்ன?”

நான்தான் சொன்னேன்.  அந்த வருஷம் என் ஓட்டைச் சேர்க்கவில்லை. பவித்ரா அதோடு போனுக்கு வருவது குறைந்தது. குளிக்கிறாள், டியூஷன் போயிருக்கிறாள், தூங்குகிறாள் என்று அண்ணி சொல்வார். வந்தால், சாப்பிட்டியா என்று நான் கேட்பேன். சாப்பிட்டேன் என்பாள். முன்பெல்லாம் படத்தைப் பற்றிப் பேசுவோம், பேச்சு தானாக ஓடும். இப்போது அது இல்லை என்றதும் எங்களுக்குள் பேச வேறு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. ஓட்டு போனது போகட்டும். அவள் வாழ்க்கைக்கும் நான் முடிவில் மட்டும் வந்து சுவரோரம் நிற்கிறவளாக ஆகிவிடுவேனோ என்று இருந்தது.

ஒரு நாள் மத்தியான ஷோ. ஹாலில் கூட்டமே இல்லை. படம் பாதிதான் ஓடியிருந்தது. நேரம் தெரியாமல் உள்ளே போய்விட்டேன். திரையைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். எங்கள் மேனேஜர் இந்த ஊர்க்காரர், வெள்ளை உடுப்பு. பக்கத்தில் வந்து ஒரு சீட்டைக் காட்டினார். நான் துணியை எடுத்து அந்தச் சீட்டைத் துடைத்தேன். அவர் தலையை ஆட்டி மறுபடியும் அதையே காட்டினார். சரியாகத் துடைக்கவில்லை போல என்று கைப்பிடி, அடிப்பக்கம் எல்லாம் துடைத்தேன். அவர் கையை விரித்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அறைக்கு வந்து சோறு போட்டு உட்காரும்போதுதான் புரிந்தது, உட்காரச் சொல்லியிருக்கிறார். மறுநாள் அவரைப் பார்த்து ஸாரி என்றேன். சீட்டு சுத்தமாகத்தான் இருந்தது, கவலைப்படாதே என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல எனக்குப் பாஷை இல்லை.

இந்த மார்கழிக்கு லீவு கிடைத்தது. டிக்கெட் கைக்கு வந்த பிறகு புயல் வந்தது. நான் ஊருக்குப் போய் இறங்கியபோது கடலூரில் கரண்ட் இல்லை. எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை தெருவில் துண்டு துண்டாகக் கிடந்தது. குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரி மரமெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். முதுநகரில் வானத்தைப் பார்த்துக்கொண்டே வீட்டைக் கூட்டினேன். ஈரத் துணி, ஈரப் பாய். வீட்டுக்காரரும் நானும் தார்ப்பாய் கட்டினோம். தூங்கின மாதிரியே இல்லை. தேருக்கு முந்தின நாள் சிதம்பரம் போனோம். அங்கே சில தெருக்களில் கரண்ட் வந்திருந்தது.

பவித்ரா என்னைவிட உயரமாகிவிட்டாள். வாசலில் நின்று, “வாம்மா” என்றாள். பையை வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “ரயில்வே கேட்டுப் படம் ஓடுது. ஜெனரேட்டர் போட்டு ஓட்டுறாங்க. மத்தியானம் போலாம். ஒரு படமாவது முழுசா பாரு, அப்பதான் ஓட்டு” என்றாள்.  எனக்கு அதுவே போதும்.

மற்றவர்கள் முன்னாலேயே பார்த்திருந்ததால் நாங்கள் ரெண்டு பேர் மட்டும் போனோம். ரயில்வே கேட் ஒன்று, அதற்குக் கேட்கீப்பர் ஒரு வயசானவர். அவர் மகனைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் வருகிறாள். கல்யாண வண்டி வரும்போது கேட் மூடியிருக்கிறது. மாலையோடு இறங்கி நிற்கிறாள். டியூட்டியால் கல்யாணத்துக்கே வராத மாமனார் அவர்தான் என்று தெரியாமலே, “கேட்டைத் தொறய்யா” என்கிறாள். தியேட்டரில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புயலில் கூரைத் தகடு ஒன்று பெயர்ந்திருந்தது. அதன் வழியாக ஒரு கோடு வெயில் இறங்கித் திரையில் விழுந்தது. ரயில் அந்த வெயிலுக்குள் நுழைந்து வெளியே வந்தது. தூசி மினுங்கியது. இடைவேளையில் பவித்ரா முறுக்கு வாங்கி வந்தாள். பாதி உடைத்து என் கையில் வைத்தாள். அதற்கு அப்புறம் ரயில் சத்தம் மட்டும் ஞாபகம். தூரத்தில் வருகிறது, போகிறது, யாரோ பேசுகிறார்கள், யாரோ பாடுகிறார்கள். நான் தண்டவாளத்தின் ஓரமாக நடக்கிறேன். அது கடலூர் மாதிரியும் இருக்கிறது, ஷார்ஜா மாதிரியும் இருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது ஜனங்கள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். என் தலை பவித்ராவின் தோளில் இருந்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முறுக்கு என் கையிலேயே இருந்தது.

“முடிஞ்சிடுச்சா?” என்றேன்.

“ம்” என்றாள். தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

திருவாதிரையன்று களி சாப்பிட்டுப் பாய் விரித்தோம். அண்ணனும் அண்ணியும் நாய்ப் படத்துக்கு. வீட்டுக்காரரும் பவித்ராவும் கேட்டுப் படத்துக்கு. ரெண்டுக்கு ரெண்டு. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“இவ பாத்திருக்க மாட்டா. மூஞ்சப் பாத்தாலே தெரியுது, தூங்கியிருக்கா” என்றார் அண்ணன்.

“பாத்துச்சு மாமா. நான் பக்கத்துலதான இருந்தேன்” என்றாள் பவித்ரா. என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“அப்டியா? சரி சொல்லு. அந்தப் பொண்ணு கேட்டு வேலைக்கு வரேன்னு சொல்லும்போது மாமனாரு பச்சக் கொடிய ஒளிச்சு வெச்சிடுறாரே, ஏன்?”

பவித்ரா நிமிர்ந்தாள். “மாமா, இது என்னா பரிட்சையா?” என்றாள்.

எனக்கு அப்படி ஒரு காட்சி இருந்ததே தெரியாது.  “குடுக்க மனசு வரல, அதான்” என்றேன்.

அண்ணன் என்னையே பார்த்தார். “அதத்தான் அவரும் சொல்றாரு, கடைசில” என்றார். “சரி, வுடு. கேட்டுப் படத்துக்கே குடுங்க. என் போன எடுத்துக்கிட்டு வா.”

அதை நானே யோசித்துச் சொன்னேனா, தூக்கத்தில் காதில் விழுந்து கிடந்ததா, தெரியவில்லை. பின்கட்டில் தட்டு கழுவும்போது பவித்ரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் கழுவிக் கொடுத்தேன், அவள் கவிழ்த்து வைத்தாள். “கேட்டாலும் செல்லும்மா” என்றாள்.

திரும்பி வந்தபோது கேட்டுப் படம் இங்கே எங்கள் ஹாலில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாள் வேலையிலேயே அதற்கு என்னைப் போட்டார்கள். விளக்குமாறோடு உள்ளே போனேன். அந்தப் பெண் கையில் பச்சைக் கொடியோடு நிற்கிறாள். மாமனார் கேட்டுக்கு வெளியே, கையில் ஒரு பையோடு, வழிப்போக்கர் மாதிரி காத்திருக்கிறார். ரயில் நடுவில் போகிறது. பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில் அவள் முகம் தெரிகிறது, மறைகிறது. அவர் முகம் தெரிகிறது, மறைகிறது. அவ்வளவுதான், எழுத்து ஏறத் தொடங்கியது. யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் நின்றேன்.

இந்தப் படத்துக்கு ஆரம்பம் எனக்குச் சிதம்பரத்தில், முடிவு ஷார்ஜாவில். நடுவில் உள்ளதை நான் பார்க்கவில்லை, தூக்கத்தில் கேட்டதே போதும். மேனேஜர் மறுபடி சீட்டைக் காட்டினாலும் உட்கார மாட்டேன். வேலை முடிந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டேன். புதுக் காலர் டியூன். எப்போதும் போலப் பாட்டின் நடுவிலிருந்து ஆரம்பித்தது. படத்தில் அது எந்த இடத்தில் வருகிறது என்று எனக்குத் தெரியாது. நான் பவித்ராவின் தோளில் இருந்தபோது வந்திருக்கும். இந்தத் தடவை நான் வைக்கவில்லை. காதில் ஒரு முறுக்குத் துணுக்கு நொறுங்குகிற மாதிரி சத்தம் கேட்டது, பாட்டு அறுந்தது. “சொல்லும்மா” என்றாள் பவித்ரா.