இலேசான எஞ்சின்

என் கையெழுத்து கோணல், எழுத்துப்பிழையும் இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாயாவில், ஜொகூரில் ஆற்றோர ரப்பர் தோட்டமொன்றில் மோட்டார் படகு ஓட்டினேன். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அந்தப் படகுதான். எஞ்சின் நடுவழியில் நின்றால் மாட்ட இன்னொன்று வாங்குவதற்குத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் என்னைக் கடைக்கு அழைத்துப் போனார். பெரியதும் சின்னதுமாய் இரண்டு எஞ்சின்களைத் தண்ணீர்ப் பீப்பாயில் ஓடவிட்டுக் காட்டினார்கள்.

"என்னப்பா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி குனிஞ்சு நிக்கிற? எது வேணும், சொல்லு!" என்றார் கிராணியார்.

பெரியதுதான் நீரோட்டத்தை எதிர்க்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் தினமும் ஸ்டோரிலிருந்து துறைக்குச் சுமக்கப் போகிறவன் நான். தோள்வலி என்று சொல்லக் கூச்சம்.

"சின்னதே போதுங்க" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து, கையில் சீழ்பிடித்த பால்வெட்டுக்காரர் ஒருவரைக் காலையில் ஏற்றிப் போகையில் பழைய எஞ்சின் நின்றுவிட்டது. புதியதை மாட்டினேன். ஏறிவந்த கடல்நீரை எதிர்த்து அது நகரவில்லை. தண்ணீர் வடியும்வரை அலையாத்தி மரத்தில் படகைக் கட்டிக் காத்திருந்தோம். அவர் முனகிக்கொண்டே இருந்தார்.

காலையிலேயே வந்திருந்தால் விரல்களை எடுத்ததோடு போயிருக்கும் என்றார் டாக்டர். கையையே எடுத்துவிட்டார்கள்.

"அவன் என்ன செய்வான், தண்ணி அப்படி எதுத்துச்சு" என்று கையை இழந்த அவரே எல்லோரிடமும் சொல்கிறார். நானும் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன். தண்ணீர் அல்ல, என் தோளுக்காக நான்தான் சின்னதைக் கேட்டேன்.

1936, மார்ச் 3.