டிரையர் ரூமில் வைத்த கிட்டார்

அந்தக் கிட்டாரை வாங்க சேலம் போனபோது என் கையெல்லாம் வேர்த்தது. வெயில் பாதிக் காரணம்தான். வருகிற திங்கட்கிழமை ஏற்காட்டில் ஒரு போர்டிங் ஸ்கூலில் என்னை வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். காலைப் பிரேயரில் பிள்ளைகளைப் பாட வைக்க ஒரு டீச்சர் வேண்டும். பெரிய ஹால். மழைக்காலத்தில் கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, மைக்கை நம்ப முடியாது. வெறும் கிட்டார் கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டும் என்றார்கள்.

அந்த வேலை கிடைக்காவிட்டால் சேலத்தில் ஒரு பள்ளிக்கு நான் சரி என்று சொல்லியாக வேண்டும். நான் கீழே, என் வீட்டுக்காரர் மேலே ஏற்காட்டுக்குப் பக்கத்து நாகலூரில் என்று குடும்பம் இரண்டாகும். அவர் அங்கே ஓர் எஸ்டேட்டின் ஸ்டோரில், அதாவது காப்பிக் கிடங்கில், காப்பி காய வைக்கிறவர். நீங்களும் கீழே வாருங்கள் என்றால், "அந்த வெக்கைல நான் வெந்துபோயிருவேன் புள்ள" என்று பேச்சை முடித்துவிடுவார். கல்யாணமானதிலிருந்து நாங்கள் போட்ட சண்டைகளில் பாதி இதற்காகத்தான்.

என்னிடம் இருந்தது பிளைவுட் கிட்டார். அறைக்குள் இனிக்கும், ஹாலுக்குள் போனால் காணாமல் போய்விடும். எனக்கு வேண்டியது ட்ரெட்நாட் என்கிற அகன்ற உடம்புக்காரி, அதுவும் முழுப் பலகையில் செய்தது. முழு மரம் என்றாலே விலை நம் கைக்கு எட்டாது. இந்தக் கடையில் இருந்தது எட்டியது. அதனாலேயே எனக்குச் சந்தேகம். ஓசைத் துளையின் விளிம்பை உற்றுப் பார்த்தேன். மேலே ஓடிய மரக்கோடுகள் விளிம்பிலும் அப்படியே இறங்கின. பிளைவுட்டாக இருந்தால் அடுக்கு அடுக்காகத் தெரிந்திருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைப் பார்த்தேன், நேராக இருந்தது. கழுத்துக்குக் குறுக்கே பதித்த ஒவ்வொரு ஃப்ரெட் கம்பியிலும் ஒவ்வொரு தந்தியையும் அழுத்தி வாசித்தேன், எங்கும் கரகரக்கவில்லை. தடித்த தந்தியை ஒரு தட்டுத் தட்டினேன். கடைக்காரர் பேசி முடித்த பிறகும் அது முடியவில்லை.

"ஒரு வாரம் வெச்சு வாசிச்சுப் பாருங்க. புடிக்கலீன்னா மாத்திக்கலாம். ஒரு கீறல் மட்டும் வுழக்கூடாதுங்க" என்றார். புதுப் புடவையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலையேறினேன்.

அந்த வாரம் பார்த்து மேகம் ஊருக்குள்ளேயே குடியிருந்தது. உப்பு கசிந்தது. தீக்குச்சி பற்றவில்லை. கிட்டாரின் முன்பலகை, தந்தி கட்டிய பாலத்துக்குப் பின்னால் மெல்ல உப்பியது. தந்திகள் கழுத்தைவிட்டு மேலே எழும்பிவிட்டன. அழுத்தி அழுத்தி என் விரல் நுனி எரிந்தது. சத்தம் கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி அமுங்கி வந்தது. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை சோதித்தேன். ஒவ்வொரு தடவையும் முன்பைவிட மோசம். கடைக்காரன் என் தலையில் கட்டிவிட்டான் என்று புலம்பினேன். டீ கேட்ட பாவத்துக்கு வீட்டுக்காரர் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவர் பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். "இது கெட்டுப்போவல புள்ள. ஈரம் புடிச்சிருக்குது. டிரையர் ரூம்ல வெச்சாச் செரியாப் போயிரும்."

கீழே இருப்பவர்கள் சிரிக்கலாம். எங்கள் எஸ்டேட்டில் அது வழக்கம். மேகம் இறங்கிவிட்டால் களத்தில் காப்பி காயாது. விறகு எரித்து அனல் காற்று விடுகிற அந்த அறையில்தான் காயும். கூடவே ஊரில் ஈரம் பிடித்த எல்லாமும் அங்கே போகும். யூனிஃபார்ம், அப்பளம், கம்பளி எல்லாம் போயிருக்கின்றன. ஸ்டோர் கணக்குப் பார்க்கும் ரைட்டரின் செல்போன்கூட ஒருமுறை அங்கே போய் உயிரோடு திரும்பி வந்தது. அதனால் நான் யோசிக்காமல் கிட்டாரைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தபோது தந்திகள் இறங்கியிருந்தன. அங்கேயே காப்பி மூட்டைமேல் உட்கார்ந்து வாசித்தேன். கடையில் கேட்டதைவிட ஒரு படி மேலாக இருந்தது. எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. அதோடு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஆசை யாரை விட்டது?

அவர் ஒரு காப்பிக்கொட்டையை எடுத்துக் கடித்தார். காய்ந்ததா இல்லையா என்று அவர் பல்தான் சொல்லும். "இன்னும் பல்லு பதியுது. காப்பிக்கே இன்னொரு நாள் வேணும். இத்தாம்பெரிய பலகைக்கு வேண்டாமா?"

"செரிங்க, இருக்கட்டும்" என்றேன்.

சனிக்கிழமை மதியம் எடுக்கப் போனபோது பாலத்திலிருந்து அடி விளிம்பு வரை பலகை வெடித்திருந்தது. மெல்லிய கோடுதான், ஆனால் நகம் உள்ளே இறங்கியது. காப்பி அதிகம் காய்ந்தால் எடைதான் குறையும். பலகைக்கு அந்தச் சலுகை இல்லை. இனிக் கடையிலும் திருப்பி வாங்க மாட்டார்கள்.

"என்னையக் கீழ அனுப்பறதுக்குன்னே பண்ணுனீங்களா?" என்று கத்தினேன். இன்னொரு நாளுக்கு நானும்தான் தலையாட்டினேன். கோபத்துக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காது. அன்றும் மறுநாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மேகம் மறுபடி வீட்டுக்குள் நின்றது. ஈரத்தில் வெடிப்பு கொஞ்சம் மூடிக்கொண்டது. தடித்த தந்தியை ஓங்கி அடித்தால் மட்டும் ஓர் இடத்தில் கரகரத்தது. ஓங்கி அடிக்காமல் கடைசி வரிசைக்கு எப்படிக் கேட்க வைப்பது?

திங்கட்கிழமை விடிந்ததும் அவர் ஸ்டோருக்குப் போய்விட்டு வந்தார். பிறகு என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்கு வந்தார்.

அங்கே இருந்த மியூசிக் மேடம் முதலில் என்னைப் பார்க்கவில்லை, கிட்டாரைத்தான் பார்த்தார். கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்து நீளமாகத் தடவினார்.

"புதுசா இருக்கு. வெடிச்சிருக்கே?"

"காப்பி காய வெக்கற ரூம்ல வெச்சுட்டோம்ங்க மேடம். ஈரம் போகட்டும்னு."

"சொந்தக் கிட்டாரையே பார்த்துக்கத் தெரியல. பிள்ளைங்க கையில இருக்கிற கிட்டாரை எப்படிப் பார்த்துப்பீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இனிமே வெக்க மாட்டேன்ங்க. இந்த மலைல மரம் எவ்வளவு குடிக்கும், எவ்வளவு காயும்னு இப்ப எனக்குத் தெரியும்" என்றேன். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

மேடம் நடந்துபோய் ஹாலின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் வாசித்தேன். கரகரக்கும் இடம் வரும்போதெல்லாம் கையை இளக்கி, மற்ற இடங்களில் முழு மூச்சாக அடித்தேன். முடித்ததும் அங்கிருந்து குரல் வந்தது.

"இன்னொரு தடவை வாசிங்க."

வாசித்தேன். எழுந்து வந்தார். "அந்த வெடிப்ப ஒட்டக் குடுங்க. அடுத்த திங்கட்கிழமை வந்துடுங்க."

வெளியே கேட் அருகில் வீட்டுக்காரர் வண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே பேசினார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"வேலைய விட்டர்றேன்னு காலைல ரைட்டர்கிட்டச் சொல்லிப்போட்டேன் புள்ள. ஸ்டோர் சாவியையும் குடுத்துட்டேன். நானும் உங்கூட சேலத்துக்கே வந்தர்றேன். வெக்கை பழகிக்கும்."

கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

"எனக்கு இங்கயே வேலை குடுத்துட்டாங்க. வண்டிய எடுங்க. வேற ஆளு கைக்குச் சாவி போறதுக்குள்ள ரைட்டருகிட்டப் போவோணும்."

அவர் உதைத்த அவசரத்தில் வண்டி கிளம்பிக் கிளம்பி அணைந்தது. நான் ஒன்றும் திட்டவில்லை.