பதினைந்தாம் நாள் ‘உள்ளேன் டீச்சர்’

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு ஆடி மாசமும் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது, இந்த வருஷம் எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். நோட்டை எடுத்து நாலு வரி எழுதுவேன். பிறகு கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். நான் ஐந்தாம் வகுப்பைக்கூட முழுசாக முடிக்காதவள். எழுத்தில் பிழை இருக்கும். ஆனால் தயங்கியது அதற்காக இல்லை. என் பெரிய மகளின் பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டில் நிலைக்க வேண்டும் என்று நான் செய்த ஒரு காரியத்தால், இன்னொருத்தி பெற்ற பிள்ளைக்கு ஒரு கண் போயிற்று. அதை என் கையால் எழுத வேண்டியிருக்கிறதே என்றுதான் இத்தனை காலம்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற பக்கம். ஏரிக்குக் கீழே கழனி, கழனியைத் தாண்டினால் பள்ளிக்கூடம். இரண்டு அறை, ஐந்து வகுப்பு. பெரிய வாத்தியார் ஒருவர், டீச்சர் ஒருவர். சத்துணவு வந்து இரண்டாம் வருஷம் அது. ஜூன் மாசம் பள்ளி திறந்ததும் பெரிய வாத்தியார் தாய் தகப்பன் எல்லாரையும் கூப்பிட்டு, பூவரச மரத்தடியில் உட்காரவைத்து, பள்ளிக்கூடத்துச் சட்டங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

மணி அடித்த பிறகு வருகிற பிள்ளை, பிரேயர் முடிகிறவரைக்கும் வெளியே நிற்க வேண்டும் என்றார். உடனே ஒரு ஆள் எழுந்தான்.

“ஐயா, எங்க வூட்ல கடியாரம் இல்ல, சேவதான் கீது. அது உங்க மணிக்குக் கூவ மாட்டேங்குதே, இன்னா பண்றது?”

“அப்ப சேவலையும் சேத்து அனுப்பு. ஒண்ணாம் வகுப்புல பேர் போட்டுக்கறேன்” என்றார் வாத்தியார். எல்லாரும் சிரித்தோம்.

திங்கட்கிழமை நகம் பார்ப்போம். சிலேட்டை எச்சில் தொட்டுத் துடைக்கக் கூடாது, ஈரத்துணி கொடுத்தனுப்புங்கள். சோற்றுக்குத் தட்டு வீட்டிலிருந்து வர வேண்டும். காலையில் ஒரு தரம், சோறு தின்ற பிறகு ஒரு தரம், இரண்டு தரமும் பெயர் கூப்பிடுவோம். இரண்டுக்கும் இருந்தால்தான் அன்றைக்கு வந்ததாகக் கணக்கு. அப்புறம் அந்தப் பள்ளிக்கே உரிய ஒரு வழக்கத்தையும் சொன்னார். ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர் என்பதால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பிடித்துக்கொடுத்துவிடுவார்கள். மூக்கைத் துடைத்துவிடுவது, கையைப் பிடித்து ‘அ’ போடவைப்பது, சோற்றுக்கு முன்னால் கை கழுவிவிடுவது, எல்லாம் பெரிய பிள்ளையின் பொறுப்பு.

என் மகளுக்குக் கிடைத்தது ஏரிக்கரை ஓரத்துக் குடிசையிலிருந்து வருகிற இருளர் வீட்டுப் பெண். சின்னது என்றுதான் என் மகள் சொல்லுவாள். அதன் தாய் கூலி வேலைக்குப் போகிறவள். அந்தக் குடிசைகளிலிருந்து பள்ளிக்கு வந்த முதல் பிள்ளை அது.

கடைசியாக வாத்தியார் சொன்னார்: “ஒடம்புக்கு நோவுன்னா ஒரு சீட்டு எழுதி அனுப்புங்க. எழுதத் தெரியலன்னா வாய்ல சொல்லி அனுப்புங்க, போதும். தொத்திக்கிற நோவு வந்த புள்ளைய மட்டும் தயவுபண்ணி அனுப்பாதீங்க. ஒண்ணுமே சொல்லாம பதினஞ்சு நாள் சேந்தாப்போல வர்லன்னா பேரை எடுத்துடுவோம்.”

இத்தனையும் என் காதில் விழுந்தன. ஆனால் மனசில் தைத்தது கடைசி வார்த்தை மட்டும்தான். ஏனென்றால் எனக்கும் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பெயரை எடுத்தார்கள். ஐந்தாம் வகுப்பு படிக்கையில் என் அம்மாவுக்குப் பிரசவம். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றேன். திரும்பிப் போனபோது பதிவேட்டில் என் பெயர்மேல் சிவப்புக் கோடு. அத்தோடு சரி.

பங்குனி மாசம். முழுப் பரீட்சைக்கு ஒரு மாசம்கூட இல்லை. என் சின்ன மகனுக்கு, மூன்று வயசு, மணல்வாரி அம்மை போட்டது. உடம்பெல்லாம் மணலை அள்ளி இறைத்தாற்போல் செம்புள்ளி. வாசலில் வேப்பிலை செருகினேன். தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை. அம்மன் வந்து தங்கியிருக்கிற வீட்டிலிருந்து ஒருத்தரும் வெளியே போகக் கூடாது, வெளி ஆள் உள்ளே வரக் கூடாது. பெரியவளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை.

சீட்டு எழுதி அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வழக்கத்தில் அம்மை என்பது நோவு இல்லை. ஆத்தா வந்திருக்கிறாள், தலைக்கு மூன்று தரம் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினதும் குளிர்ந்து போவாள், அவ்வளவுதான். நோவு என்று தாளில் எழுதி ஒரு ஆபீசுக்கு அனுப்பினால், வீட்டுக்கு வந்தவளை வாசலில் நிற்கவைத்துத் திட்டுகிற மாதிரி. அவளிடம் கேட்காமல் இன்னொருவரிடம் உத்தரவு கேட்பதும் தப்பு. அப்படித்தான் நான் நினைத்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. ஆனால் நாளை மட்டும் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

பையனுக்கு இறங்கிவிட்டது. அப்பாடா என்று இருந்தபோது, பதினோராம் நாள் பெரியவளுக்குக் காய்ச்சல். பதின்மூன்றாம் நாள் காதுக்குப் பின்னால் செம்புள்ளி.

பதினான்காம் நாள் சாயங்காலம் அவளோடு படிக்கிற பெண் ஒருத்தி, வேப்பிலைக்கு அந்தப் பக்கம் தெருவில் நின்று கத்தினாள். “அத்தே! நாளைக்கு வர்லன்னா பேர் எடுத்துடுவாங்களாம். டீச்சர் நோட்டுல பென்சிலால கோடு போட்டு வச்சிக்கினுகீறாங்க. நாளைக்கு மையில போட்டுடுவாங்க!”

என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். “எடுத்தா எடுக்கட்டும்” என்றார். “நவரைப் பயிருக்குக் களை எடுக்க ஆள் இல்லாம நான் பேஜார் பட்டுக்கினுகீறேன். இவ படிச்சி இன்னா, கலெக்டரா ஆவப்போறா?”

“பரீட்சை கிட்ட வந்துடுச்சிங்க. அஞ்சாவது முடிச்சாத்தான் உத்திரமேரூர் ஸ்கூல்ல...”

“இன்னும் உத்திரமேரூரா? பேர் போச்சின்னா ஒடம்பு தேறினதும் கழனிக்கு அனுப்பிடு. நீ கூட அப்டிதான வந்த? இன்னா கொறஞ்சி பூட்ட?”

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சொன்னால் சொன்னதுதான். பெயர் போனால் என் மகளின் படிப்பு போயிற்று. அந்த இரவு எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

விடியற்காலையில் குளித்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் அனுப்பு, சிவப்பு வந்தால் அனுப்பாதே. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். சிவப்பு. சரியாகக் கேட்கவில்லை என்று மறுபடி குலுக்கிப் போட்டேன். மறுபடியும் சிவப்பு. “ஆத்தா, எனக்கு இன்னா வழி வச்சிருக்க?” என்று அழுதேன். மூன்றாம் தரம் எடுத்தேன். வெள்ளை. தாயே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஆத்தா இரண்டு முறை வேண்டாம் என்று சொன்னாள். எனக்கு வேண்டியதை அவள் சொல்லுகிறவரைக்கும் நான் கேட்டேன். இதற்குப் பெயர் பக்தி இல்லை.

மகளின் முகத்தில் மஞ்சளைக் கெட்டியாகப் பூசி, அதன்மேல் பவுடர் போட்டேன். முழுக்கைச் சட்டை. முடியைக் காதுமேல் இழுத்து வாரினேன். உடம்பு அனலாகக் கொதித்தது.

“அம்மா, தல சுத்துதும்மா.”

“இன்னிக்கி ஒரு நாள்தான் கண்ணு. ‘உள்ளேன் டீச்சர்’னு சொல்லிட்டா போதும். மூலையில தனியா உக்காந்துக்கோ. யாரையும் தொடாத.”

பையனைத் தூங்கவைத்து வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனேன். பூவரச மரத்தடியில் நின்றுகொண்டேன். அன்றைக்குப் பெரிய வாத்தியார் ஆபீஸ் வேலையாக வெளியூர் போய்விட்டார். வெளியூரிலிருந்து வருகிற, எங்கள் வாசல் வேப்பிலையைப் பார்த்திராத டீச்சர் ஒருவரே எல்லாப் பிள்ளைகளையும் மேய்க்க வேண்டியிருந்தது. பெயர் கூப்பிட்டார். என் மகளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது: “உள்ளேன் டீச்சர்.”

இப்போதே கூட்டிப் போய்விட்டால்? மத்தியானம் இன்னொரு தரம் கூப்பிடுவார்களே. அதற்கு இல்லாவிட்டால் இன்றைக்கு வரவே இல்லை என்றுதானே கணக்கு? நின்றேன்.

அப்போதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்பு வரிசையிலிருந்து சின்னது எழுந்து ஓடி வந்தது. மூலையில் தனியாக உட்கார்ந்திருந்த என் மகளின் மடியில் தொப்பென்று விழுந்தது.

“யக்கா! எங்க பூட்ட நீ? அந்தப் பையன் என் பல்பத்தத் துன்னுட்டான். நீ கேளு அவன!”

என் மகள் கையை விலக்கிப் பார்த்தாள். அது கழுத்தைக் கட்டிக்கொண்டது. மூக்கை என் மகளின் சட்டையிலேயே துடைத்தது. இத்தனை நாள் கழித்துப் பார்த்த சந்தோஷம். என் மகள் தலையைத் தூக்கி, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். இன்னாம்மா பண்றது என்று கேட்கிற பார்வை.

ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். ‘டீச்சர், அந்தக் குழந்தையத் தூக்குங்க’ என்று. ஆனால் ஏன் என்று கேட்பார்கள். அம்மை என்று தெரிந்தால் உடனே வெளியே அனுப்புவார்கள், மத்தியானம் பெயர் கூப்பிடும்போது அவள் இருக்க மாட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும், மறைத்தால் இத்தனை எழுதியும் புண்ணியம் இல்லை. அந்த மடியில் பெரிய வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருந்தால் நான் கத்தியிருப்பேன். ஏரிக்கரைக் குடிசைப் பிள்ளை என்பதால் சும்மா இருந்தேன்.

மத்தியானம் என் மகளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் தட்டுச் சோற்றைச் சின்னதுக்கு ஊட்டிவிட்டாள். அது அவள் பொறுப்பு, பள்ளிக்கூடத்து வழக்கம். மணி அடித்தது, மறுபடி பெயர் கூப்பிட்டார்கள், மறுபடி ‘உள்ளேன்’ சொன்னாள். பெயர் நின்றது.

மூன்று தண்ணீரும் ஊற்றி அவள் பள்ளிக்குத் திரும்பிய இரண்டாம் நாளே வந்து சொன்னாள்: “அம்மா, சின்னது வர்ல.” அதற்கு மறுநாளும் அதையே சொன்னாள்.

ஒரு வாரம் போயிருக்கும். சின்னதின் தாய் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

“ம்மா, உங்க வூட்டுக்கு ஆத்தா வந்துட்டுப் போனாளே, எப்டிம்மா குளிர வச்ச? எம்புள்ளைக்கு எறங்கிடுச்சி, ஆனா கண்ணத் தொறக்க மாட்டேங்குது. சீயா வருது.”

“மருந்து எதுனா போட்டியா?” என்றேன்.

“ஐயோ, ஆத்தா கீறப்ப மருந்து போடலாமா? நான் தெரியாத்தனமா கருவாடு துன்னுட்டேம்மா, அம்மை போட்ட அன்னிக்கி. அதான் கோவம்னு எல்லாரும் சொல்றாங்க.”

உன் கருவாட்டில் ஒன்றும் இல்லை, நான்தான் அனுப்பினேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். “அன்னிக்கி எம்பொண்ணு ஸ்கூலுக்கு வந்தா பாரு...” என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்கவிடவில்லை.

“உம்பொண்ணு தங்கமாச்சேம்மா. இது அக்கா அக்கான்னுதான் பெனாத்திக்கினு கெடக்குது” என்றாள்.

வேப்பிலையும் மஞ்சளும் கொடுத்து அனுப்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போ என்றுகூடச் சொல்லவில்லை.

பெரிய வாத்தியார் விசாரிக்கப் போனவர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாயோடு பஸ் ஏறிச் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு கண்ணைக் காப்பாற்றினார்கள். மற்றது வெளுத்துவிட்டது.

பரீட்சை முடிந்து, என் மகள் பாஸ் என்று தெரிந்த அன்று, வாத்தியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பதிவேட்டைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். ஒரு பையனின் பெயருக்கு எதிரே ஒரு மாசம் முழுக்க லீவு என்று எழுதியிருந்தது.

“இவனுக்கும் அம்மைதாம்மா. இவங்கப்பன் வந்து ‘ஐயா, வூட்ல ஆத்தா’ன்னு ஒரே வார்த்தை சொன்னான். எழுதிக்கிட்டேன். இதுக்கெல்லாம் பேர் எடுப்போமா? நான் சட்டம் சொன்னது பயமுறுத்த இல்லம்மா.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெற்றவர்களே, பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டம் சொன்னால் அது எதற்கு என்று வாய்விட்டுக் கேளுங்கள். பிள்ளைகளே, உடம்பு சுடுகிறது என்றால் அம்மா அனுப்பினாலும் டீச்சரிடம் சொல்லிவிடுங்கள்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே ஏரிக்கரைக்கு ஓடினேன். குடிசையில் ஆள் இல்லை. அடுப்புக் கல் மட்டும் இருந்தது. செங்கல் சூளைக்கு ஒரு மேஸ்திரி வந்து குடும்பத்தோடு கூட்டிப் போய்விட்டானாம். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனை சூளையில் விசாரித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒற்றைக் கண் பெண் என்று கேட்டால் ஏதாவது ஒரு பக்கம் கை காட்டுவார்கள். போய்ப் பார்த்தால் வேறு யாரோ.

என் மகள் மேலே படித்து இன்று ஒரு வேலையில் இருக்கிறாள். இத்தனை வருஷத்தில் இதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. எழுதப்போகிறேன் என்றதும், “எழுதும்மா. நான் உன்னைப் பார்த்தேனே, அதை விட்டுடாத” என்றாள்.

எங்கள் ஊரில் இந்தக் கதை இன்றைக்கும் சொல்லப்படுகிறது. ஆனால் வேறு மாதிரி. தாய்க்காரி கருவாடு தின்றாள், ஆத்தா கோபத்தில் பிள்ளையின் கண்ணை எடுத்துக்கொண்டாள் என்று சொல்லுகிறார்கள். நான் தினம் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள். ஆத்தா எடுக்கவில்லை. அந்தத் தாயும் ஒரு தப்பும் செய்யவில்லை. இதைப் படிக்கிறவர்கள் பத்து பேருக்குப் படித்துக் காட்டுங்கள், சூளையில் வேலை செய்கிறவர்களுக்கு முக்கியமாக. என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்காதீர்கள், சாமியைச் சேர்த்து எதையும் கூட்டாதீர்கள். எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். எங்காவது ஒரு குடிசையில் ஒரு தாய், தான் தின்ற கருவாட்டால்தான் தன் பிள்ளையின் கண் போயிற்று என்று இன்னமும் நம்பிக்கொண்டிருப்பாள். அவள் காதுவரைக்கும் இது இப்படியே போய்ச் சேர வேண்டும்.