நெடுந்தீவில் வாங்கிய மோட்டார் சைக்கிள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. யாராவது அந்தக் கதையைத் தொடங்கினால் 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று வாயை அடைத்துவிட்டு எழும்பிப் போகிற ஆள். ஆனால் அன்றைக்கு இருட்டே இல்லை, நெடுந்தீவின் மத்தியான வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நம்பாவிட்டால் விடுங்கள், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

என் மனைவி வசந்தி பெரிய ஒப்பரேஷன் ஒன்றிலிருந்து தப்பி வந்தவள். பிழைத்தால் கதிர்காமம் வருகிறேன் என்று நேர்ந்திருந்தாள். நேர்த்தி தள்ளிப்போகப் போக, பழைய நோய் வருத்தம் திரும்பி வந்துவிடும் என்று அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது. பஸ்ஸில் ஏறினால் சத்தி எடுப்பாள், வான் வண்டியும் அப்படித்தான், ஆகவே மோட்டார் சைக்கிள்தான் ஒரே வழி. எங்கள் வேலணைத் தீவிலிருந்து கதிர்காமம் என்றால் இலங்கையின் ஒரு தலையிலிருந்து மறு தலை, அதுவும் மொனராகலை தாண்டினால் யானைக் காடு, அதற்குள் சைக்கிள் நின்றால் அவளையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? என்னுடைய பழசோ பக்கத்திலிருக்கும் சாட்டிக் கடற்கரைக்குப் போய் வருவதற்குள்ளேயே இருமத் தொடங்கிவிடும்.

என் கூட்டாளி குகன் ஊர்காவற்றுறையில் கராஜ் வைத்திருக்கிறான். "மச்சான், தூரம் போறதெண்டால் பழைய ஜப்பான்தான். நடுக்காட்டில நிண்டாலும் ஒரு ஸ்பனரோட கழட்டிப் பூட்டலாம்" என்றான். ஆனால் எங்கள் தீவுகளில் நல்ல எஞ்சின் கிடைத்தாலும் சேஸ் இரும்பை உப்புக்காற்று தின்றிருக்கும். தேடித் தேடிக் கடைசியில் நெடுந்தீவில் ஒன்று அகப்பட்டது. இறந்துபோன வாத்தியார் ஒருவருடையது. மனிதர் அதைக் காற்றுப் படாமல் விறாந்தைக்குள் ஏற்றி, பெட்ஷீட்டால் மூடி வைத்திருந்தாராம். செத்தவீட்டுக்குக் கனடாவிலிருந்து வந்த மகன், திரும்பிப் போகுமுன் விற்றுவிட அவசரப்பட்டான்.

"அந்தியேட்டி முடியட்டுமே" என்றாள் வசந்தி. முப்பத்தோராம் நாள் கிரியை முடியுமுன் செத்தவீட்டுச் சாமான் வாசல் படலை தாண்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் சிரித்தேன், வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்று குகனையும் இழுத்துக்கொண்டு குறிகட்டுவானில் படகேறிவிட்டேன்.

சைக்கிள் அற்புதம். ஒரே உதையில் ஸ்டார்ட். குகன் செயினைப் பார்த்தான், சில்லைச் சுற்றிப் பார்த்தான், குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் முகம் சுளித்தான். படலைக்கு வெளியே உருட்டி வந்து ஏறி இருந்துகொண்டு, படகு போய்விடுமே என்ற அவசரத்தில், திரும்பிப் பார்க்காமலே "ஏறு, போவம்" என்றேன். பின் சீட் பதிந்தது. ஸ்பிரிங் கிறீச்சிட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. விட்டேன் ஓட்டம்.

கல்மதில்களுக்கு நடுவே போகிற அந்த ஒழுங்கைகளில் நான் கதைத்துக்கொண்டே போனேன். எஞ்சின் சத்தம் கோயில் மணி மாதிரி சுத்தம் என்றேன், கதிர்காமம் என்ன, இந்தியாவுக்கே பாலம் போட்டால் இதில் போகலாம் என்றேன். பதில் இல்லை. வாயாடி குகனுக்கு என்ன வந்தது என்று நினைத்தேன். ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியபோது தோளை ஒரு கை மெதுவாகப் பிடித்தது, வயதானவர்கள் பிடிப்பது போல.

துறையில் நிறுத்தி "இறங்கு" என்றேன். யாரும் இறங்கவில்லை. திரும்பினேன், பின்னால் ஒருவருமே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து குகன் யாரோ ஒருவருடைய ட்ரக்டரில் வந்து குதித்தான். வியர்வை ஒழுக ஒழுக ஏச்சு.

"என்னை விட்டிட்டு வந்திட்டியேடா! சைக்கிள் பூட்டின்ர ரெண்டாவது திறப்பை வாங்கத் திரும்ப உள்ளுக்குப் போனனான். கத்திக் கூப்பிட்டனான், நீ திரும்பிப் பாக்கேல்ல. சரி, பாவம், வயசாளி ஒருத்தரை ஏத்திக்கொண்டு போறாய் எண்டு விட்டிட்டன். எங்க அந்த ஐயா?"

"எந்த ஐயா?"

அவன் என்னைப் பார்த்தான், சைக்கிளைப் பார்த்தான், ஓர் அடி பின்னுக்குப் போனான்.

"படலையில நிண்டு என்னடா சொன்னனீ?"

சொன்னேன்.

"செத்தவீட்டுப் படலையில நிண்டு ஆரையும் கூப்பிடக் கூடாதெண்டு உனக்குத் தெரியாதே? போயிட்டு வாறன் எண்டுகூடச் சொல்லாமலெல்லோ வெளிக்கிடுறது!"

படகில் ஏற்றித் தந்தவர்கள் இந்தச் சின்னச் சைக்கிளுக்கு இவ்வளவு பாரமா என்று முனகினார்கள். குகன் படகின் மறு ஓரத்தில் போய் இருந்துகொண்டான்.

நான் வசந்தியிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெயில் குகனின் கண்ணைக் கட்டிவிட்டது என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அந்தியேட்டி நாளும் கடந்துபோனது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை, தேங்காய் உடைத்து, சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்துவிட்டு நான் ஏறி இருந்தேன். வசந்தி திருநீறு பூசிக்கொண்டு, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு முகமெல்லாம் சிரிப்பாய் வந்து பின்னால் ஏறினாள்.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் முன்னுக்கு அரக்கி இருங்கோவன். எனக்கு இருக்க இடம் காணாது."

நான் ஏற்கெனவே பெற்றோல் தாங்கியோடு ஒட்டித்தான் இருந்தேன். திரும்பிப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் இருக்கக்கூடிய இடம் வெறுமையாகக் கிடந்தது. அவள் சீட்டின் கடைசி நுனியில், விழப்போகிறவள் போல, கரியரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

எஞ்சினில் ஏதோ பிழை என்று சொல்லி அவளை இறக்கிவிட்டேன். அவள் அழுதாள். இன்னொரு சைக்கிள் வாங்க எனக்கு வசதியில்லை, இதை வேறொருவர் தலையில் கட்டவும் மனம் வரவில்லை. அது முற்றத்தில் நிற்கிறது.

போன மாதம் கிளினிக்கில் அவளை மறுபடியும் ஸ்கான் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அதைப் பற்றி அவள் ஒன்றும் கதைப்பதில்லை. "சைக்கிளைத் திருத்தியாச்சே?" என்று மட்டும் கேட்கிறாள். அதில் திருத்த ஒன்றுமே இல்லை, இன்றைக்கும் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது.