கேட்டு வரைகிறவள்

மூன்று தடவை கேட்ட பிறகுதான் சுகந்தினி பென்சிலைத் தொடுகிறாள். சுவரில் ஆணியில் தொங்கும் பைக்குள் போன் இருக்கிறது. அதிலிருந்து மஹ்ரூப் பதிந்து அனுப்பிய குரல் வருகிறது. "ஒரு மொயல் ஈந்திச்சி. ஒரு ஆமை ஈந்திச்சி. ரெண்டும் ஓட்டப் போட்டிக்கி நின்டிச்சி. ஆமை மெல்ல மெல்லப் போவுது..." கண்ணை மூடிக்கொண்டு, முன்னங்கையில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பாலை நூல் நூலாக உரித்து உருட்டுகிறாள். கோலிக்குண்டு அளவு வந்ததும் அதுதான் அன்றைக்கு அழிறப்பர்.

தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் காலையில் பால் வெட்டுகிறாள். மத்தியானத்துக்குப் பிறகு சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போடுகிறாள். கதைகளைத் திருப்பிச் சொல்லுகிறவர் மஹ்ரூப், டவுனில் கொப்பி, பேனைக் கடை வைத்திருப்பவர். நரி, காகம், சிங்கம், எலி என்று எல்லாருக்கும் தெரிந்த கதைகள்தான். அவள் கையில் அவை இடம் மாறிவிடும். தாகமெடுத்த காகம் கல்லைப் போடுவது பானையில் அல்ல, ரப்பர் பால் வாளியில். சிங்கம் வாளோடு வந்தது. "நம்ம நாட்டுக் கொடியில அப்படித்தானே நிக்குது, நானா?" என்றாள். மஹ்ரூப் வாளை மட்டும் எடுக்கச் சொன்னார்.

கதையை எழுதிக் கொடுத்தால் அவளுக்குப் பிடிக்காது. "சொல்லி அனுப்புங்க நானா. கேட்டாத்தான் எனக்குப் படம் வரும்." படம் போடுகிறவர்களுக்கு இப்படி ஏதாவது ஒன்று இருக்கும் என்று அவரும் விட்டுவிட்டார்.

விஷயம் வேறு. அவள் படித்தது சிங்களப் பள்ளிக்கூடத்தில். பக்கத்தில் இருந்தது அதுதான். தமிழ் எழுத்து தெரியாது. முதல் நாள், "தமிழ் வாசிப்பீங்கதானே?" என்று அவர் கேட்டபோது தலையை ஆட்டிவிட்டாள். இரண்டு வருஷமாக ஆட்டிக்கொண்டே இருக்கிறாள். அட்டையில் தலைப்பு எழுதுவதும் அவள்தான். அவர் எழுதித் தருவதை வளைவு வளைவாகப் பார்த்து அப்படியே வரைந்துவிடுவாள். 'படங்கள்: சுகந்தினி' என்ற வரியில் தன் பெயர் எது என்று தெரியும். மற்றதெல்லாம் கோடு. இது வெளியே வந்தால் வேலை வேறு யாருக்காவது போகும், அந்தப் பெயரும் போகும் என்று பயந்துகொண்டே இருக்கிறாள்.

முயல் கதைக்கு ஒன்பது நாள் பிடித்தது. புதன்கிழமை கொண்டுபோய்க் கடை மேசையில் விரித்தாள். மறுநாள் காலை பஸ்ஸில் அவிசாவளை அச்சகத்துக்குப் போகவேண்டிய படங்கள்.

மஹ்ரூப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இறக்கினார். ரப்பர் மரத்தடியில் முயல் வாயைத் திறந்து தூங்குகிறது. அதைத் தாண்டி ஒரு பூட்டு போகிறது. நாலு குட்டிக் கால்கள். வயிற்றில் சாவித் துவாரம். முதுகில் வளைந்த கம்பி. நெற்றி இல்லாத இடத்தில் வியர்வை.

"இது என்த தங்கச்சி?"

"ஆமை."

"இது பூட்டு."

"ஆமாங்க நானா. ஆமை."

தோட்டத்து லய வீடுகளில் வேலைக்குக் கிளம்பும்போது ஒருத்தியை ஒருத்தி கேட்பது, "ஆமயப் போட்டியா?" என்றுதான். அவளுக்குத் தெரிந்த ஆமை கதவில் தொங்குவது.

மஹ்ரூப் சிங்களத்துக்குத் தாவினார். "இப்பா தங்கச்சி, இப்பா!"

"அதத்தானே போட்டிருக்கேன்!"

சிங்களத்திலும் ஆமைக்கும் பூட்டுக்கும் அந்த ஒரே பெயர்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "தண்ணில கெடக்கிற இப்பா! முதுகுல ஓடு ஈக்குமே, தலய உள்ளுக்கு இழுக்குமே!"

"அதுவா ஓடுச்சு?" என்றாள். "இரும்பு கனம், அதான் மெதுவாப் போவுதுன்னு நெனச்சேன். நரி பேசுதுன்னா பூட்டு ஓடக் கூடாதுங்களா?"

போட்டோ கொப்பி எடுக்க வந்து நின்ற ஆஸியா டீச்சர் எட்டிப் பார்த்தார். "படம் நல்லாத்தான் ஈக்கி. மொயல் ஊட்டுக்குப் போய்ச் சேர்றப்ப கதவு பூட்டி ஈக்கும். பூட்டு முந்திப் போயிட்டுதே!"

"நீங்க சும்மா ஈங்க டீச்சர். நானே கொழம்பிப் போய் நிக்கிறன்."

மஹ்ரூப் படங்களுக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவினார். இந்தத் தடவை தலைப்போடு கதையையும் அதில் எழுதித் தந்திருந்தார். "இதுல வெளக்கமா எழுதி ஈக்கே, ஓட்டுக்குள்ள தலய இழுத்திச்சின்டு. வாசிக்கல்லயா?"

சுகந்தினி தலையை ஆட்டப் போனாள். தலை ஆடவில்லை.

மஹ்ரூப் தலைப்பின் கீழ் விரலை வைத்தார். கொட்டை எழுத்தில் 'ஆமை' என்றிருந்தது. "இத ஒருக்கா வாசிங்க."

ஆஸியா டீச்சர் கொப்பி மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே அவிசாவளை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. சுகந்தினி அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுவும் எனக்குப் படமாத்தான் தெரியுது நானா."

மஹ்ரூப் விரலை எடுத்துக்கொண்டார்.

அவள் பென்சிலை எடுத்தாள். 'ஆ'வின் இடப்பக்கச் சுழிக்குள் ஒரு புள்ளி வைத்தாள், கண். அடியில் நாலு கால். மேலே ஓடு ஒன்றை வளைத்தாள். பிறகு தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். வாலை வரைய வேண்டியிருக்கவில்லை. அது எழுத்திலேயே சுருண்டு கிடந்தது.