திரையில் ஓடிய வெள்ளம்

திங்கள்கிழமை பகல் பதினொன்று இருபதுக்கு, அலுவலகத்தில் இருந்த அவளுக்கு அண்ணியின் அழைப்பு வந்தது. "அவர் போயிட்டாரும்மா. காலையில எழுப்பினேன், எழுந்திரிக்கல."

அவரும் அவளும் ஆறு வருடமாக அடுத்தடுத்த மேசை. அவள் அவரை அண்ணா என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும்தான் கூப்பிடுவாள். அலுவலகத்தில் மற்றவர்களுக்கு அவர் 'திரைக்காரர்'. ஆற்றில் வெள்ளம் எப்படி ஏறும் என்று கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருள் அவர் எழுதியது. விடையை அது கோப்பில் எழுதும். கோப்பின் பெயருக்குப் பதில் சிறு கோடு ஒன்றைப் போட்டால் திரையில் கொட்டும். அவர் எப்போதும் கோடுதான் போடுவார்.

"அப்புறம் கோப்பு எதுக்குண்ணா இருக்கு?" என்று சீண்டுவாள்.

"கோப்புல போட்டா தூங்கிடும். கண்ணு முன்னாடி ஓடினாத்தான் தப்பு பல்லை இளிக்கும், தாயே."

அவள் கைபேசியை வைத்தபோதும் அவர் திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான்கு நாளாக ஓடும் கணக்கு. கரையை எவ்வளவு உயர்த்துவது என்று மறுநாள் முடிவு செய்யப் பொறியாளர்கள் அதைத்தான் நம்பியிருந்தார்கள். மறுபடி ஓட்ட நேரமில்லை.

மென்பொருளில் ஒரு பிசகு இருந்தது. எழுதி முடித்ததும் கோப்பை மூடும் வரி, திரையையும் கோப்பென்று நினைத்து மூடிவிடும். அதற்குப் பின் வரவேண்டிய உச்ச அளவு வெளியே வராது. "நாம திறக்காததை நாம மூடலாமா? திங்கக்கிழமை சரி பண்ணிடறேன்" என்று வெள்ளிக்கிழமை கிளம்பிப் போனார்.

இரண்டு மணிக்குக் கணக்கு முடிந்தது. உச்ச அளவு வரவில்லை. கணினிப் பராமரிப்பாளர் வந்து நின்றார்.

"மேடம், சார் மெஷினை இன்னிக்கே எடுத்து வைக்கச் சொல்லிட்டாங்க."

"மனுஷன் போன சேதி வந்து மூணு மணி நேரம் ஆகல, அதுக்குள்ள மெஷினா? இதை அணைச்சா எல்லாம் போச்சு. அரை மணி குடுங்க."

பராமரிப்பாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் இன்னும் வரவே இல்லைன்னு வெச்சுக்குங்க."

கடைசிப் பத்தாயிரம் வரிகள்தான் திரையில் மிஞ்சும். மேலே தள்ளிக்கொண்டே போனாள். வெள்ளம் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கிய பகுதி முழுதாக இருந்தது. அதற்கு முந்தியவை போய்விட்டன. இருந்ததை நகலெடுத்துக் கோப்பில் போட்டாள். அதிலிருந்த மிகப் பெரிய எண்தான் உச்ச அளவு: ஏழு மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர். 'ஓட்டியவர்' என்ற இடத்தில் அவர் பெயரை எழுதிப் பொறியாளர்களுக்கு அனுப்பினாள். அப்புறம்தான் அழுகை வந்தது.

அணைப்பதற்கு முன், அவர் திறந்து வைத்திருந்த நிரலைப் பார்த்தாள். மூடும் வரிக்கு மேலே, திரையாக இல்லாவிட்டால் மட்டும் மூடு என்ற நிபந்தனையை வெள்ளிக்கிழமையே எழுதத் தொடங்கியிருந்தார். அந்த வரி பாதியில் நின்றிருந்தது.