சொல்கோல் பேருந்தின் பன்னிரண்டு விநாடி

தாக் யொன்ஜு எங்கள் மாவட்ட அலுவலகத்தின் போக்குவரத்துப் பிரிவில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்தவர். எனக்கு எதிர் மேஜை. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்லூரியில் இரண்டு வருஷம் புள்ளியியல் படித்தவர் என்பதால் கணக்கு என்று எது வந்தாலும் அவரிடமே போகும். கால்குலேட்டரைப் பார்க்காமலே தட்டுவார். அவர் போட்ட கணக்கில் தப்பு வந்து நான் பார்த்ததில்லை. சொல்கோல் கணக்கிலும் கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

சொல்கோல் மலைப் பக்கத்து ஊர். காலை ஆறு ஐம்பதுக்கு ஒரு பேருந்து, அதை விட்டால் ஒன்பதரைக்குத்தான் அடுத்தது. மேலே உள்ள ஊர்களில் யாரும் ஏறாவிட்டால் ஓட்டுநர் நிற்காமல் சீக்கிரமே வந்து போய்விடுவார். சந்தை நாளில் மூட்டை முடிச்சு ஏற்றித் தாமதமாக வருவார். யாரையும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் நிறுத்தத்தில் காத்திருப்பவர்களுக்கு எப்போது வரும் என்றே தெரியாது. குறித்த நேரத்துக்கு முன்னால் கிளம்பக் கூடாது என்று உத்தரவு போடச் சொல்லி நவம்பரில் ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள்.

எங்கள் பிரிவுத் தலைவர் மா சார், அந்தப் பேருந்தின் பத்து நாள் நேரப் பதிவை அக்காவின் மேஜையில் வைத்தார். "யொன்ஜு, இத ஒரு வரில முடிச்சுக் குடுத்துரு. சாயங்காலத்துக்குள்ள பதில் போகணும்."

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் அக்காவின் மாமியார் வீட்டில் குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போடும் நாள். நூற்றைம்பது முட்டைக்கோஸ் உப்பில் ஊறிக்கொண்டிருந்தன. மாமியார் இரண்டு முறை போன் பண்ணிவிட்டார். அக்கா பத்து எண்களையும் வரிசையாக எழுதினார். ஒன்பது நிமிடம் தாமதம். எட்டு நிமிடம் முன்னால். பதினொன்று தாமதம். ஏழு முன்னால், பத்து முன்னால். பிறகு ஆறும் எட்டும் தாமதம், ஒன்பது முன்னால், ஏழு தாமதம், ஐந்து முன்னால். தாமதத்துக்குக் கூட்டல் குறி, முன்னால் போனதற்குக் கழித்தல் குறி. எல்லாவற்றையும் சேர்த்தால் இரண்டு நிமிடம். பத்தால் வகுத்தால் பன்னிரண்டு விநாடி.

'சராசரி வேறுபாடு பன்னிரண்டு விநாடி மட்டுமே. மாற்றம் தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஐந்தரைப் பேருந்தைப் பிடித்தார்.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை. சொல்கோலில் பாங் சங்டே என்று ஒரு டிராக்டர் மெக்கானிக். ஐம்பத்து நான்கு வயது, தனி ஆள். சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் மாவட்ட மருத்துவமனைக்கு வந்து ரத்தம் சுத்திகரித்துக்கொள்பவர். ஆறு நாற்பத்தைந்துக்கு நிறுத்தத்துக்கு வந்திருக்கிறார். பேருந்து நாற்பத்தொன்றுக்கே போய்விட்டிருந்தது. பனியில் டாக்சி மேலே வர மறுத்தது. ஒன்பதரைப் பேருந்துக்கு நின்றால் மருத்துவமனையில் அவருக்குக் கொடுத்த நேரம் போய்விடும். ஒரு முறை சிகிச்சை தவறினால் உடம்பு எப்படி வீங்கும் என்று அவருக்குத் தெரியும். பெரிய சாலைக்கு நாலு கிலோமீட்டர் நடக்கத் தொடங்கினார். பாதி வழியில் பனிக்கட்டியில் சறுக்கி ஓடைப் பள்ளத்தில் விழுந்து கணுக்கால் ஒடிந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துப் பனி அள்ளும் வண்டிக்காரர் பார்த்துத் தூக்கினார். உயிர் பிழைத்தது. இடது காலில் இரண்டு விரல் குளிரில் கருகிப் போனதால் வெட்டி எடுத்தார்கள்.

மறுநாளே சொல்கோல் ஊர்த்தலைவி குக் மல்சுன் ரப்பர் பூட்ஸோடு அலுவலகத்துக்குள் வந்து நின்றார். மா சார் பதறவில்லை. நவம்பரில் அனுப்பிய பதிலை எடுத்து நிதானமாகப் படித்தார்.

"பன்னெண்டு செகண்டா?" என்றார் ஊர்த்தலைவி. "எங்க ஊர்க் கெழவருங்க ஒரு படி ஏறவே பன்னெண்டு செகண்டு ஆகும்யா. ஒரு நாள் பத்து நிமிசம் முன்னாடி ஓடிப் போறான், இன்னொரு நாள் பதினோரு நிமிசம் குளிர்ல நிக்க வைக்கிறான். ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு கழிச்சு ஒண்ணுமே இல்லன்னு எழுதுன மகராசன் யாரு? அவன் மூஞ்சியக் கொஞ்சம் காட்டுங்க, பாத்துட்டுப் போறேன்."

மா சார் பதிலை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். அக்கா தலையே நிமிரவில்லை. ஊர்த்தலைவி போகும்போது, எழுதியது அவர்தான் என்று தெரியாமல் பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, அக்காவிடம் மட்டும் "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அது அக்காவை உலுக்கிவிட்டது.

மதியம் சாப்பிட வரவில்லை. பழைய சுற்றறிக்கையின் பின்பக்கத்தில் அதே பத்து எண்களை எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, தப்பா கூட்டிட்டீங்களா?"

"கூட்டல்லாம் சரிதான். போட வேண்டிய கணக்கு வேற." தாளை என் பக்கம் திருப்பினார். "சராசரியிலேர்ந்து ஒவ்வொரு நாளும் எவ்வளவு தள்ளிப் போயிருக்குன்னு பாக்கணும். முன்னாலயா பின்னாலயான்னு குறிய விட்டுடணும். எட்டு நிமிசம்னா எட்டு நிமிசந்தான். அத எல்லாம் கூட்டிப் பத்தால வகுத்தா சராசரி விலக்கம். எவ்வளவு வருது பாரு."

எட்டு நிமிடம் வந்தது. கொஞ்சமும் கூடக் குறைய இல்லாமல் எட்டு.

"அன்னைக்கு இது தோணலையாக்கா?"

"தோணுச்சு." பேனாவை மூடி வைத்தார். "குறிங்க ஒண்ணையொண்ணு சாப்பிடறத என் கண்ணால பாத்தேன். இப்படிப் போட்டா பெரிய நம்பர் வரும், சார் திரும்பக் கூப்பிடுவாரு, பஸ் கம்பெனியோட பேசணும், ஏழு மணி ஆயிடும்னு தெரியும். தெரிஞ்சேதான் விட்டேன். மறந்துட்டேன்னு சொல்லவாவது வழி இருந்தா நல்லாருக்கும்."

அன்றே மா சாரிடம் போனார். சார் தாளைப் பார்த்துவிட்டுக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். "இத எதுக்கு இப்ப நோண்டுற? கேஸு கீஸுன்னு போனா உன் பேருதான் நிக்கும்."

"நிக்கட்டும் சார். கையெழுத்து என்னுதுதானே."

சனிக்கிழமை மருத்துவமனைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். பாங் சங்டே படுக்கையில் சாய்ந்து டிவியில் பாதுக் என்னும் கறுப்பு வெள்ளைக் காய் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டுபோன சோயாப்பால் பெட்டியைப் பார்த்து, "இது எனக்கு ஆகாதும்மா. தண்ணியே அளந்துதான் குடிக்கிறேன்" என்றார். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கிம்ச்சி போடப் போனதையும் விடவில்லை.

பாங் சங்டே டிவியை அணைத்தார்.

"கிம்ச்சி நல்லா வந்துச்சா?"

அக்கா சோயாப்பால் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தார்.

"கேலி பண்ணல. நெசமாத்தான் கேக்குறேன். எனக்கு உப்பு ஆகாதுன்னு மூணு வருசமா வாயில வைக்கல." கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். "பஸ் வராதப்பல்லாம் நாந்தான் கடியாரத்தத் தப்பாப் பாத்துட்டேனோன்னு நெனச்சேன். உங்க லெட்டர நோட்டீஸ் பலகையில ஒட்டுனப்பறம் அந்தச் சந்தேகம் இன்னும் மோசமாச்சு. ஆபீஸ்ல கணக்குப் போட்டுச் சொல்லிட்டாங்கல்ல? இத எனக்குச் சொல்லி என்னங்க ஆகப் போகுது. எழுதி ஒட்டுங்க."

திங்கட்கிழமை அக்கா திருத்திய அறிக்கை எழுதினார். முந்தைய முடிவு தவறானது, சராசரி விலக்கம் எட்டு நிமிடம், தவறு தெரிந்தே செய்யப்பட்டது என்று மூன்று வரி. 'தெரிந்தே' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மா சார் இரண்டு நாள் மன்றாடினார். அக்கா எடுக்கவில்லை. ஒரு பிரதியைத் தானே கொண்டுபோய்ச் சொல்கோல் நிறுத்தத்தில் ஒட்டினார். ஊர்த்தலைவி பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டார். அன்று "வரேம்மா" சொல்லவில்லை.

மார்ச்சிலிருந்து பேருந்து ஆறு ஐம்பதுக்கு முன்னால் அங்கிருந்து நகரக் கூடாது என்று உத்தரவு வந்தது. அக்காவுக்குக் கண்டனக் குறிப்பு; கிளை அலுவலகத்துக்கு மாற்றல். பாங் சங்டே அந்தப் பேருந்தில் பிறகு ஏறவே இல்லை. பட்டறையை விற்றுவிட்டு மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டார்.

அக்கா மாதம் ஒரு முறை அவரைப் பார்க்கப் போய்வந்தார். நாலாவது முறை அவரே வாசலில் மறித்தார். "நீங்க வர்றது எனக்காக இல்ல, உங்களுக்காக. என்னப் பாத்தா உங்களுக்குப் பாரம் எறங்குது. எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்தப் பள்ளந்தான் ஞாபகம் வருது. வேணாம், விட்டுருங்க."

இதை அக்கா என்னிடம் கிளை அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னார். "அவரு சொன்னது சரிதான். பாரம் எறங்கத்தான் போனேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் போகவில்லை.